கயிறு யார் கையில்?

"சார், உங்க பிசினஸை கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜ்ல கொண்டாந்துடறோம் சார்... கேரண்ட்டி!"

இப்படி ஒரு போன் உங்களுக்கு வந்திருக்கிறதா? வரவில்லையென்றால் உங்களுக்குச் சொந்தக் கடை கிடையாது, என்னைப் போல ஆபீசில்தான் குப்பை கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம். கவலை வேண்டாம். உங்கள் அண்ணனுக்கோ மாமாவுக்கோ நிச்சயம் வரும். அவரும், "நீதான் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கியே, இது என்னன்னு பாரு" என்று உங்கள் தலையில் கட்டுவார்.

என் தலையில் கட்டியவர் என் அத்தான். அக்கா வீட்டுக்காரர்.

எங்களுக்கு சாகுபுரம். (தெரியாதவர்களுக்கு: ஆறுமுகநேரியும் காயல்பட்டினமும் பக்கத்து ஊர்கள். உப்பளங்களுக்கு நடுவே டி.சி.டபிள்யூ. கெமிக்கல் தொழிற்சாலை. அதையொட்டி வளர்ந்த ஊர்.) அத்தானிடம் மூன்று கார், ஒரு வேன். திருச்செந்தூர் முருகன் புண்ணியத்தில் வண்டி ஓடுகிறது.

2025 ஜூலை 7-ம் தேதி திருச்செந்தூரில் கும்பாபிஷேகம். அதே மாதம் வாகைக்குளம் விமான நிலையத்தில் புது டெர்மினல். ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை. வெளியூர் ஆட்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். ஆனால், வண்டி வேண்டும் என்கிறவர் இப்போது ஸ்டாண்டுக்கு வந்து விசாரிப்பதில்லை. பெங்களூரில் உட்கார்ந்தபடியே செல்போனில் தட்டிப் பார்த்து, கண்ணில் பட்ட முதல் நம்பருக்கு அடித்துவிடுகிறார்.

"போன்ல நாம தெரியலேன்னா, ஊர்லயே நாம இல்லேங்குத மாதிரில்லா ஆயிட்டு மாப்ள!" என்றார் அத்தான்.

அவர் கவலை நியாயமானது. போனில் கூப்பிட்ட கம்பெனி கேட்டது மாதம் பதினைந்தாயிரம். கிட்டத்தட்ட ஒரு டிரைவர் சம்பளம். பக்கத்துத் தெருப் பையன் லைசென்ஸ் எடுத்துவிட்டு அத்தான் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்கிறான். அவனை வைப்பதா, கூகுள் கம்பெனிக்குக் கொடுப்பதா? இதுதான் கேள்வி.

இந்த வித்தைக்குப் பெயர் எஸ்.இ.ஓ. சர்ச் என்ஜின் ஆப்டிமைசேஷன். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். கூகுளில் தேடினால் உச்சியில் 'ஸ்பான்சர்ட்' என்று போட்டுச் சில வருமே, அது காசு கொடுத்த விளம்பரம். அதற்குக் கீழே வருகிற இடத்தை கூகுள் யாருக்கும் விற்பதில்லை. நம் கடை விவரத்தைத் தெளிவாக, உண்மையாக, தேடுகிறவருக்குப் பயன்படுகிற மாதிரி வைத்து அந்த இடத்தில் முன்னேறப் பார்ப்பதுதான் எஸ்.இ.ஓ.

சரி, மாப்பிள்ளை பார்க்கும் படலம் ஆரம்பம்!

மாப்பிள்ளை நம்பர் 1

சென்னைக் கம்பெனி. வீடியோவில் வந்தவர் கோட்டு, டை சகிதம் இருந்தார். "முப்பதே நாள்ல நம்பர் ஒன். கூகுள்ல எங்களுக்கு ஆள் இருக்கு சார்."

ஆள் இருக்க அதென்ன ஆர்.டி.ஓ. ஆபீசா? முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, எங்களிடம் தனி செல்வாக்கு இருப்பதாகச் சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதை என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. பலன் தெரிய பெரும்பாலும் நாலு மாதம் முதல் ஒரு வருஷம்வரை ஆகும் என்றும் அதிலேயே இருக்கிறது.

அவர் அத்துடன் விடவில்லை. வேறொரு டிராவல்ஸின் முழுப்பெயரைத் தட்டி, "பாருங்க, ஃபர்ஸ்ட்ல வருது!" என்று சாட்சி காட்டினார். அந்த டிராவல்ஸ் பெயரைப் போட்டுத் தேடினால் அந்த டிராவல்ஸ் வராமல் திருநெல்வேலி அல்வாவா வரும்? பெயர் தெரிந்தவன் எதற்குத் தேடப்போகிறான்! பெயர் தெரியாமல், 'ஏர்போர்ட்டிலிருந்து திருச்செந்தூருக்கு வண்டி' என்று தேடுகிறவன் கண்ணில் படுகிறோமா என்பதல்லவா விஷயம்?

மாப்பிள்ளை நம்பர் 2

இவர் பக்கத்து ஜில்லா. படு சுறுசுறுப்பு. "அண்ணாச்சி, நீங்க சாகுபுரத்துல இருக்கிறதுதான் பிரச்சினை. திருச்செந்தூர்ல கோயில் பக்கத்துல ஒரு அட்ரஸ் போட்டுருவோம். நூறு ரிவ்யூ நாமளே எழுதிருவோம். முடிஞ்சது சோலி!"

அத்தானுக்கு முகம் மலர்ந்தது. நான்தான் குறுக்கே விழுந்தேன்.

மேப்பில் யாரை முன்னால் காட்டுவது என்று கூகுள் மூன்று விஷயம் பார்க்கிறது. பொருத்தம், தூரம், பிரபலம். (ஜாதகம் பார்ப்பதைவிட சுலபம்!) கேட்டதற்குக் கடை பொருந்துகிறதா, கேட்டவர் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், நாலு பேருக்குத் தெரிந்த கடையா. கோயில் வாசலில் நின்றுகொண்டு தேடுகிறவருக்குப் பக்கத்து வண்டிகள் முன்னால் வருவது இயற்கை. சாகுபுரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் கோயில் வாசலில் வைக்க யாராலும் முடியாது.

பொய் அட்ரஸ் கொடுத்தால்? கண்டுபிடித்துவிட்டால் கடையின் பக்கத்தையே கூகுள் முடக்கிவிடலாம். பொய் ரிவ்யூவுக்கும் அதன் விதிகளில் இடம் கிடையாது. நேர் வழி ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குப் போய் வேலை செய்கிற தொழிலென்றால், 'இந்த ஊர்களுக்கெல்லாம் வருவோம்' என்று இருபது இடங்கள்வரை குறிப்பிடலாம். வாகைக்குளம், தூத்துக்குடி, திருச்செந்தூர், குரும்பூர்... எல்லாம் நிஜம். மேப்பில் வரிசை இதனால் தாவிவிடாது. ஆனால், இந்தக் கடை நம் ஊருக்கும் வண்டி அனுப்பும் என்பது பார்க்கிறவருக்குத் தெரியும்.

இந்தக் குறுக்கு வழியில் பெரிய பெரிய யானைகளே சறுக்கியிருக்கின்றன. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனியின் ஜெர்மன் வெப்சைட்டை கூகுள் தன் தேடலிலிருந்தே நீக்கியது. காரணம்? கூகுளுக்கு ஒரு பக்கம், மனிதர்களுக்கு இன்னொரு பக்கம் என்று இரட்டை வேஷம். அந்தப் பக்கங்களை எடுத்த பிறகுதான் மறுபடி சேர்த்துக்கொண்டது.

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய கடைகளில் ஒன்றான ஜே.சி. பென்னி மாட்டியது. ஒரு வெப்சைட் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் கூகுள் அதை ஓட்டு மாதிரி எடுத்துக்கொள்ளும். இவர்களுக்கு சம்பந்தா சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து ஓட்டு. அதாவது, கள்ள ஓட்டு! நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்த, முன்னால் நின்ற கடை பல பக்கம் பின்னால் போய் விழுந்தது. எங்களுக்கு எதுவுமே தெரியாது என்றது கடை. எஸ்.இ.ஓ. கம்பெனியை வேலையைவிட்டு நீக்கியது. ஆனால், தண்டனை யாருக்கு? கடைக்குத்தான்.

கவனியுங்கள். தப்பு செய்கிறவர் பார்ட்னர். மூழ்குவது நீங்கள்.

கயிறு பிடித்தவர்

எங்கள் கடற்கரையில் முத்துக்குளித்த காலத்தைப் பற்றி ஒன்று சொல்வார்கள். குளிக்கிறவர் கல்லைப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஆள் காலி. அதனால் அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்களாம். அக்கா தாலி விஷயத்தில் தம்பி அசட்டையாக இருக்கமாட்டான் என்ற நம்பிக்கை!

கூகுள் கம்பெனிக்காரர் உங்கள் மச்சானில்லை. அவரிடம் போய்ப் பாசத்தை எதிர்பார்க்க முடியாது. எனவே கயிற்றின் ஒரு முனையை உங்கள் இடுப்பிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். எப்படி? அதை மூன்றாமவரே சொல்லிக்கொடுத்தார்.

மாப்பிள்ளை நம்பர் 3

தூத்துக்குடியில் ஒரு மாடி அறை, இரண்டே பேர். அவர் எங்களுக்குப் படம் எதுவும் போட்டுக் காட்டவில்லை. "அண்ணாச்சி, டிரிப் நோட்டு இருக்கா? போன் பண்றவங்க மொதல்ல என்ன கேக்காங்க?" என்று ஆரம்பித்தார்.

நோட்டைப் புரட்டி அரைமணி நேரம் குறிப்பெடுத்தார். பிறகு கேட்டார்: "நம்ம ஊர் பேரை இங்கிலீஷ்ல எப்படி அடிப்பீங்க?"

நல்ல கேள்வி! ஒருவர் பழைய வழக்கப்படி 'டூட்டிகொரின்' என்று அடிப்பார். ஒருவர் 'தூத்துக்குடி' என்பதை ஒரு 'கே' போட்டு, இன்னொருவர் இரண்டு 'கே' போட்டு அடிப்பார். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்களை மாற்றி ஆணை போட்டபோது, நம்ம ஊருக்கு மூன்று 'டி.எச்.', இரண்டு 'கே' கிடைத்தது. அடித்து முடிப்பதற்குள் டிரெயின் போய்விடும்! அதே மாதமே வாபஸ். இத்தனை விதமாகவும் தமிழிலும் தேடுவார்கள். வெளியூர்க்காரர் எப்படித் தேடுகிறார் என்று பார்த்து எழுதுவதுதான் அசல் வேலை.

"நம்பர் ஒன் வருமா தம்பி?" என்றார் அத்தான்.

"அதைச் சொல்ல முடியாது அண்ணாச்சி. நாலு மாசம் பாப்போம். போன் கூடலேன்னா என்னை நிறுத்திருங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முதல் இருவர் சொன்னதில் பாதிகூட இல்லை கட்டணம். மாதாமாதம் கிடையாது, செய்கிற வேலைக்கு மட்டும்.

நீங்களும் யாரையாவது பார்க்கப் போகிறீர்களா? இந்த ஐந்தையும் துண்டுச்சீட்டில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. எல்லாம் யார் பெயரில்? வெப்சைட் பெயர் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவாக வேண்டும். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் நீங்கள்தான் முதன்மை உரிமையாளர். அவர்களை மேனேஜராக மட்டும் சேர்க்கலாம். பிரிந்துபோகிற அன்று சாவி உங்களிடம் இருக்க வேண்டும்.

2. கடைப் பக்கத்தில் யார் போன் நம்பர்? உங்களுடையதா, அவர்கள் தந்ததா? அவர்கள் நம்பரென்றால், அவர்கள் போனால் வாடிக்கையாளரும் போச்சு.

3. இந்த மாதம் என்ன செய்வீர்கள்? பதில் எழுத்தில் வேண்டும். 'அது தொழில் ரகசியம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ரகசியம்தான் பி.எம்.டபிள்யூ.வைக் கவிழ்த்தது.

4. கணக்கு எப்படி? எத்தனாவது இடம் என்பது அல்ல, எத்தனை பேர் போன் செய்தார்கள் என்பதே கணக்கு. எந்த வார்த்தையைத் தேடி வந்தார்கள் என்று கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகவே காட்டும். அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

5. நிறுத்தினால் என்ன மிஞ்சும்? நல்ல வேலையென்றால் எழுதிய பக்கம், எடுத்த போட்டோ, வாங்கிய நிஜ ரிவ்யூ எல்லாம் உங்களிடமே இருக்கும்.

இப்போது சிலர், 'ஏ.ஐ. உங்க கடை பேரையே சொல்லும்படி பண்ணுறோம்' என்றும் கிளம்பியிருக்கிறார்கள். சட்டை புதுசு, ஆள் பழசு. அதே ஐந்து கேள்விதான்.

அத்தான் நோட்டில் இப்போது புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறார்: 'எப்படித் தெரிந்து வந்தார்?' சொந்தக்காரர், பழைய கஸ்டமர், கூகுள் என்று எழுதி வருகிறார். கூகுள் பத்தி மெள்ளத்தான் நிரம்புகிறது. ஆனால் நிரம்புகிறது.

பக்கத்துத் தெருப் பையன்? மிச்சம் பிடித்த காசில் அவனையும் வைத்தாச்சு. முதல் டிரிப் வாகைக்குளத்திலிருந்து. ஏறியவர் எந்த ஸ்பெல்லிங்கில் தேடினார் என்று கேட்டு வரச்சொல்லியிருந்தார் அத்தான்.

"டூட்டிகொரின்தானாம் அண்ணாச்சி!" என்றான் பையன்.