சும்மா இருப்பதும் நோயின் குறியே

மறதி நோய் என்றதும் பெயர்களை மறப்பதும் வழி தவறுவதுமே நினைவுக்கு வந்தாலும், அல்சைமர் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்படும் இன்னோர் அறிகுறியை, அதாவது தானாக எதையும் தொடங்காமல், எதிலும் விருப்பம் காட்டாமல், நல்லது கெட்டதற்கு மகிழ்வதோ வருந்துவதோ இன்றி இருக்கும் நாட்டமின்மையைக் குடும்பத்தார் மருத்துவரிடம் சொல்வது அரிது. முன்மூளையின் உட்பகுதியையும் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களையும் இணைத்து, மனிதனைச் செயலுக்குத் தூண்டும் தடங்கள் பழுதுபடுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுவதால், இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கடிவது அந்த முதியவருக்கு இழைக்கும் அநீதியாகும். மனச்சோர்விலிருந்தும் இது வேறுபட்டது. மனச்சோர்வுற்றவர் துயரத்தையும் குற்றவுணர்வையும் சுமக்கிறார், நாட்டமிழந்தவருக்கோ தம் நிலை ஒரு குறையாகவே தோன்றுவதில்லை.

குருதிச் சோதனையால் அறிய முடியாத இந்நிலையைக் கேள்விகளால்தான் அளக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் மாரின் 1991இல் வெளியிட்ட அளவுகோலில் 18 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் இட, மொத்தம் 18க்கும் 72க்கும் இடையில் அமைகிறது. நோயாளி, அவரை அறிந்த ஒருவர், மருத்துவர் என மூவருக்கும் தனித்தனி வடிவங்கள் இருந்தபோதிலும், மறதி நோயில் நோயாளி தம்மைப் பற்றித் தரும் விடையை மட்டும் நம்ப இயலாது. ஜெஃப்ரி கம்மிங்ஸும் குழுவினரும் 1994இல் வெளியிட்ட நரம்பு-உளவியல் வினாநிரல், பராமரிப்பவரிடம் கேட்டு, அறிகுறி எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்பதை 4 வரையும் கடுமையை 3 வரையும் மதிப்பிட்டு, இரண்டையும் பெருக்கி 12க்குள் ஓர் எண்ணைத் தருகிறது. மணிக்கட்டில் கட்டும் அசைவுமானிகளும் ஆய்வுகளில் பயன்படுகின்றன. ஆனால் அவை உடலின் அசைவை எண்ணுமே தவிர, மனத்தின் விருப்பத்தை எண்ணா.

ஆக, இங்கே உண்மையான அளவுகருவி பராமரிப்பவரின் கண்ணும் சொல்லும்தான். அக்கருவி தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு, வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பங்கேற்ற 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வு நல்ல சான்று. 2008இல் வெளியான அதன் முடிவுகளில், அமெரிக்க மனநலச் சங்க வரையறைப்படி இந்தியக் கிராமத்து முதியோரிடம் மறதி நோய் 0.3 விழுக்காடு மட்டுமே எனத் தெரிந்தது. ஆய்வுக்குழுவின் சொந்த முறையிலோ அது பன்மடங்கு கூடுதலாக இருந்தது. முதியவரின் தேய்வை உறவினர்கள் குறையாகச் சொல்லாததே இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம் என ஆய்வாளர் கருதினர். நினைவிழப்பிலேயே இந்நிலை என்றால், ஓசையின்றி வரும் நாட்டமின்மை எவ்வளவு எளிதில் தப்பிவிடும்!

மதுரை மாவட்டத்து மேலூரைச் சுற்றியுள்ள பெரியாறு பாசன ஊர்களில், வயலை மகனிடமும் அடுப்படியை மருமகளிடமும் ஒப்படைத்துவிட்டு முதியவர் திண்ணையில் ஓய்ந்திருப்பது இயல்பாகவும், பிள்ளைகளுக்குப் பெருமையாகவும் கருதப்படுகிறது. அங்கே “வீட்டு வேலைகளில் பங்கெடுக்கிறாரா?” என்று கேட்டால், “வயசாயிருச்சு, சும்மா இருக்காக” என்ற விடைதான் வரும், அவ்விடையில் நோயும் மரியாதையும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. எனவே வினாக்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அந்த முதியவருக்கு இன்னும் எஞ்சியிருக்கும் உலகத்திலிருந்து அவை எழ வேண்டும். கால்வாயில் தண்ணீர் திறந்தாயிற்றா என்று அய்யா தாமாகக் கேட்கிறாரா, ஊர்ப் பொதுவிடமான மந்தைக்குப் போய் உட்காருகிறாரா, அப்பத்தா வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிறாரா, பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளையை ஏறிட்டுப் பார்க்கிறாரா என்று கேட்டு, ஓராண்டுக்கு முன் அவரே எப்படி இருந்தார் என்பதோடு ஒப்பிட வேண்டும். மூட்டுவலியாலோ, காது மந்தத்தாலோ, கண்புரையாலோ ஒதுங்கியவரை முதலில் பிரித்தறிவதும் இன்றியமையாதது.

அளப்பதால் பயன் என்ன என்ற கேள்விக்கும் விடை உண்டு. அல்சைமர் நோயாளிகள் 200 பேரிடம் ஆறு மாதம் நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றில், மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்து நாட்டமின்மையைச் சிறிதளவு குறைத்தது. ஆயினும் அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் தர முடியும். வீட்டில் செய்யக்கூடியது வேறு: தாமாகத் தொடங்க இயலாதவரும், பிறர் தொடங்கிக் கையில் கொடுத்தால் கடலை உரிக்கவும் பூக்கட்டவும் பெரும்பாலும் சேர்ந்துகொள்கிறார், அவரைக் கடிந்துகொள்வது குறைந்தாலே பராமரிப்பவரின் மனச்சுமையும் இறங்கும்.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன; கொண்டு வருபவர்கள் திண்ணையில் இருக்கும் முதியவரைப் பற்றியும் இக்கேள்விகளைக் கேட்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, நான்கு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி இருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் அதை முதல் செய்தியாகச் சொல்லுங்கள்.