கூட்டம் வேண்டாம், ஒரு சிநேகிதன் போதும்!

என் மகனுக்கு 9 வயது. கவனம் நிற்காமல், ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிக்கும் 'ஏ.டி.எச்.டி.' என்ற பிரச்னை அவனுக்கு இருப்பதாக, மனநல டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் மார்க்கைப் பற்றி விசாரிக்க ஊரே இருக்கிறது. 'அவனுக்கு சிநேகிதன் யாரு?' என்று கேட்கத்தான் ஆளில்லை. வகுப்பில் யார் வீட்டுப் பிறந்த நாளுக்கும் அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

'வாலு', 'அம்மா கொடுக்கிற செல்லம்' என்று சுலபமாகச் சொல்லி விடுகின்றனர். இது வளர்ப்புக் கோளாறு அல்ல; மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது. உலகில், 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கேரம் ஆடினால், தன் முறை வரும் வரை இவர்களால் காத்திருக்க முடியாது; தோற்றால் காயைக் கலைத்து விடுவர். விதி தெரியாமல் இல்லை; தெரிந்ததை அந்த நிமிஷத்தில் செய்ய முடிவதில்லை. பெண் குழந்தைகள் சிலர், கனவில் இருப்பது போல் உட்கார்ந்திருப்பர். தோழி பேசியது காதில் விழாது. 'திமிர்' என்று பெயர் வாங்குவர்.

அமெரிக்காவில், 2005ல் வெளியான ஆய்வு ஒன்றில், இத்தகைய குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரை உடன் படிப்பவர்கள் ஒதுக்கியது தெரிய வந்தது. மருந்து படபடப்பைக் குறைக்கலாம். சிநேகிதனைத் தேடித் தராது. அதற்கு நாம் தான் வழி செய்ய வேண்டும்.

நான் கூட்டமாகப் பிள்ளைகளை அழைப்பதில்லை. ஒரே ஒரு பையன், ஒரே ஒரு மணி நேரம். சண்டை வருவதற்குள், சிரித்த முகத்தோடு அனுப்பி விடுவேன். வெற்றி, தோல்வி இல்லாத வேலையாகக் கொடுப்பேன்... பட்டம் ஒட்டுவது, களிமண்ணில் பிள்ளையார் செய்வது, சப்பாத்தி உருட்டுவது. அவன் வரும் முன், 'முதல்ல அவன், அப்புறம் நீ' என்று ஒத்திகை பார்த்துக் கொள்வோம். குறுக்கே பேசினால், அடுத்த பிள்ளை முன் திட்டாமல், தோளில் கை வைப்பேன். அதுதான் எங்கள் சிக்னல்.

இப்போது வாராவாரம் வருகிற பையனும் இவனைப் போலவே துறுதுறு தான். 'ரெண்டும் சேர்ந்தா வீடு ரெண்டுபடுமே' என்றார் மாமியார். சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால், ஒருவன் பாதியில் விட்டு ஓடினால், மற்றவன் கோபித்துக் கொள்வதே இல்லை!

சகோதரிகளே... உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் இப்படி ஒருவன் இருக்கலாம். 'அவனோட சேராதே' என்று சொல்லும் முன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனை வீட்டுக்கு அழையுங்களேன். அவனைப் பெற்றவள், அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள்.

- ஒரு வாசகி, மதுரை.