மூக்கு பழகிவிடும்

தலையில் மல்லிகைச் சரம் வைத்திருப்பவருக்கு அதன் மணம் கொஞ்ச நேரத்துக்கு மேல் தெரிவதில்லை. வெளியிலிருந்து அறைக்குள் நுழைகிறவர்தான் ‘பூ வாசம் தூக்குதே’ என்கிறார். பறித்த பிறகும் இரவெல்லாம் பூ மணத்தை விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. கவனிப்பதை நிறுத்தியது மூக்கு. மணத்தின் மூலக்கூறு மூக்கின் உட்புறத்தில் உள்ள நரம்பு செல்லில் வந்து ஒட்டியதும், செல்லின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. மூளைக்குச் செய்தி போக உதவும் அதே கால்சியம், சற்றைக்கெல்லாம் அந்த வாயில்களின் கூர்மையையும் மழுக்கிவிடுகிறது. மணம் விலகி இடைவெளி கிடைத்தால்தான் செல் பழைய நிலைக்குத் திரும்பும். இது மூக்கின் குறைபாடு இல்லை. இருக்கிற வாசனையை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வரும் புகையையோ கெட்டுப்போன உணவையோ கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை.

இன்பங்களைப் பொறுத்தவரை மனமும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது என்பது உளவியலில் பழைய செய்தி. வீட்டிலும் தோட்டத்திலும் கிடைக்கும் சிறு சந்தோஷங்கள் மட்டும் ஏன் இந்தப் பழக்கத்துக்கு அவ்வளவு எளிதில் பலியாவதில்லை என்பதற்கு, அவற்றின் எளிமையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. எளிமையான எத்தனையோ விஷயங்கள் நமக்குச் சலித்துப்போகின்றன. தோட்டத்து இன்பம் விட்டுவிட்டு வருகிறது, அந்த விடுபடலும் நம் கையில் இல்லை. அதன் பலம் அங்கேதான் இருக்கிறது.

மண்வாசனையையே எடுத்துக்கொள்வோம். 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். வறண்ட காலத்தில் தாவரங்களிலிருந்து கசியும் எண்ணெய்கள் மண்ணிலும் பாறையிலும் சேர்ந்திருந்து, ஈரம் பட்டதும் வெளிப்படுகின்றன என்பது அவர்கள் கண்டது. அந்த எண்ணெய்களோடு கலந்துவரும் இன்னொரு பொருள் ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. தண்ணீரில் இது லட்சம் கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே பலரால் கண்டுகொள்ள முடியும். மனிதருக்காக அந்த நுண்ணுயிர் இதைத் தயாரிக்கவில்லை. இந்த வாசனை மண்ணில் துள்ளித் திரியும் கடுகினும் சிறிய கணுக்காலிகளை வரவழைக்கிறது, அவை நுண்ணுயிரின் வித்துகளைச் சுமந்துபோய்ப் பரப்புகின்றன என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்னொருவருக்கு எழுதிய கடிதத்தை நாம் பிரித்துப் படித்து மகிழ்கிறோம்!

ஆனால் அந்த மணம் எப்போது வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் யங்சூ ஜோங், கல்லன் பூய் இருவரும் மழைத்துளி மண்ணில் விழுவதை அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். துளி தரையில் தட்டையாகும்போது மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்று அதன் அடியில் சிறைப்படுகிறது. குமிழ்களாக மேலே ஏறி, துளியின் மேற்பரப்பில் வெடித்து, மண்ணில் இருந்தவற்றை நுண்திவலைகளாகக் காற்றில் தூவுகிறது. தூறலிலும் மிதமான மழையிலும் இது நன்றாக நடக்கிறது. துளி வேகமாக விழும் கொட்டும் மழையில் திவலைகள் குறைந்துவிடுகின்றன. கோடை மழையின் முதல் சில நிமிடங்களில் எழுந்த மணம் மழை வலுத்ததும் காணாமல் போவதன் ஒரு காரணம் இது. மூக்கு பழகுவதற்குள் மணமே விலகிக்கொள்கிறது. மறுபடி வர, மண் மீண்டும் காய வேண்டும்.

விட்டுவிட்டு வருவது இன்பத்தைக் கூட்டுமா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லைஃப் நெல்சன், டாம் மேய்விஸ் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மசாஜ் இதமாக இருக்கும்போது நடுவே நிறுத்தப்பட்டவர்கள், தொடர்ந்து அனுபவித்தவர்களைவிட அதை அதிகம் ரசித்தார்கள். எரிச்சலூட்டும் சத்தத்தை நடுவே நிறுத்தி மறுபடி கேட்கவைத்தபோது எரிச்சலும் கூடியது. வேடிக்கை என்னவென்றால், இரண்டிலும் எது நல்லது என்று முன்கூட்டிக் கேட்டால் மக்கள் நேர்மாறாகச் சொல்கிறார்கள்: இன்பம் இடைவிடாமல் வேண்டும், துன்பத்துக்கு இடைவேளை வேண்டும் என்று. ஆண்டு முழுக்க ஒரே வாசனையைப் பரப்பும் மின்சார ‘ஃப்ரெஷ்னர்’ வாங்கிச் சுவரில் மாட்டுகிறவர் செய்யும் கணக்கும் அதுவே.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு பணத்தைப் பற்றியது. சிறு சுகம் என்பதெல்லாம் இல்லாதவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம். பெரிய அதிர்ஷ்டம் வந்தால் யார் மல்லிகை மொட்டை எண்ணிக்கொண்டிருப்பார்கள்? 1978-இல் பிலிப் பிரிக்மன் குழுவினர் லாட்டரியில் பெரும் பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை என்று எழுதியது பலருக்கும் தெரியும். காலை உணவு, நண்பருடன் பேச்சு, பத்திரிகை வாசிப்பு போன்ற அன்றாடச் சங்கதிகளில் பரிசு பெற்றவர்கள் அடைந்த இன்பம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது என்ற இன்னொரு முடிவு அதே கட்டுரையில் இருப்பதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்த பரிசாளர்கள் 22 பேர்தான். அதன்மேல் பெரிய மாளிகை கட்ட முடியாது. ஸ்வீடனில் மிகப் பெரிய அளவில் நடந்து 2020-இல் அச்சான ஆய்வு, பரிசுப் பணம் வாழ்க்கையைப் பற்றிய திருப்தியைப் பத்தாண்டுகளுக்கு மேலும் உயர்த்தியே வைத்திருந்தது என்கிறது. ஆகவே பணம் பயனற்றது என்று சொல்லக்கூடாது. ஆனால் அதே ஆய்வில், மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்ற கேள்விக்கான பதிலில் பணத்தின் தாக்கம் அதைவிடச் சிறியதாகவே இருந்தது. வாழ்க்கையை எடைபோடுவதும் அன்றன்றைய பொழுதை உணர்வதும் வேறு வேறு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. விட்டுவிட்டு வருவதுதான் ரகசியம் என்றால், எப்போது என்ன வரும் என்று தெரியாத கைபேசி அல்லவா இன்பத்தின் சுரங்கமாக இருக்க வேண்டும்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள் இங்கே உதவுகின்றன. ஒன்றை நாடுவதும் அதை ரசிப்பதும் மூளையில் ஒரே வேலை இல்லை. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் அடியோடு குறைக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போவதையே நிறுத்திவிட்டன; ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் எப்போதும்போலச் சப்புக்கொட்டின. கைபேசி தூண்டிவிடுவது பெரும்பாலும் நாட்டத்தை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் புலன் தெளிய அவகாசமே கிடைப்பதில்லை. செம்பருத்தி அப்படி நம்மை இழுக்காது. காலையில் விரிந்தது மாலையில் சுருங்கியதும் அன்றைய கணக்கு முடிந்தது. எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும் அடுத்தது நாளைக்குத்தான்.

தோட்டத்தை மருந்தாக விற்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்ற ரோஜர் உல்ரிக்கின் 1984 ஆய்வில் இருந்தவர்கள் 46 பேர். தொட்டிச்செடி அறைக்காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் நாசாவின் 1989 சோதனை, மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. சாதாரணக் கட்டடத்தின் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று 2019-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயிரம் செடி வைத்தபின் நாற்காலி போட இடமிருக்காது. சந்தோஷமாக இருக்கிறது என்பதே செடி வளர்க்கப் போதுமான காரணம். அதற்கு நுரையீரலைச் சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை.

‘சின்னச் சின்ன விஷயங்களில் மகிழுங்கள்’ என்ற உபதேசம் ஏழைகளிடம்தான் அதிகம் சொல்லப்படுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை, ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. மல்லிகைக்கு நல்ல வெயில் வேண்டும். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் நடுவே அது விழுவதில்லை. வாசல்வரை சிமென்ட் பூசிய தெருவில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடியிருக்க மண் இல்லை. கோடையில் மொட்டைமாடித் தொட்டிகளுக்குத் தினமும் ஒன்றிரண்டு குடம் தண்ணீர் தேவைப்படும். குடிதண்ணீருக்கே லாரியின் பின்னால் குடத்தோடு ஓடுகிற வீட்டில் அதை யார் எடுத்து ஊற்றுவார்கள்? இந்த இன்பங்களுக்கு விலை குறைவு என்று சொல்லலாம், இலவசம் என்று சொல்ல முடியாது. மனப்பக்குவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், புதிதாகக் கட்டும் குடியிருப்பில் ஆளுக்கு எத்தனை அடி வெறும் மண் விடப்படுகிறது என்று கேட்டுவிடுவது நல்லது.