போதையை விட்ட பிறகு

பஞ்சாபில் ஹெராயினை ‘சிட்டா’ என்று சொல்வார்கள். அது பல குடும்பங்களைச் சீரழித்தது.

ஹெராயினுக்கு அடிமையானவரை மருத்துவமனையில் சேர்ப்பார்கள். சில வாரங்களில் உடல்வலியும் நடுக்கமும் தீரும். “குணமாகிவிட்டது” என்று வீட்டுக்கு அழைத்து வருவார்கள். ஆனால் மனதில் ஆசை போகாது. பலர் மறுபடியும் போதையைத் தேடிப் போவார்கள்.

அப்போதுதான் ஆபத்து அதிகம். ஏன்? இடையில் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. மூச்சு நின்று உயிரே போகலாம்.

அதனால் 2017-இல் பஞ்சாப் அரசு ஒரு புது ஏற்பாடு செய்தது. நோயாளி மருத்துவமனையில் தங்க வேண்டாம். வந்து மாத்திரை வாங்கிப் போகலாம். அதன் பெயர் புப்ரினார்பின். நாக்கின் அடியில் வைத்தால் கரைந்துவிடும். அது போதை ஆசையை அடக்கும். நோயாளி வயல் வேலைக்கும் போகலாம்.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் மருந்து சாப்பிடுகிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

மருந்து மட்டும் போதுமா? போதாது. வேலை வேண்டும். பழைய கூட்டாளிகளை விட்டு விலக வேண்டும். வீட்டார் அன்பாகப் பேச வேண்டும். மறுபடி தவறினாலும் ஏசி விரட்டக் கூடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி யாராவது இருக்கிறார்களா? 14446 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இந்தியா முழுவதும் இதற்குக் கட்டணம் இல்லை.