தோளில் விழுந்த தட்டு

1936-ம் ஆண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மராத்தன் பந்தயம். வெகு தூரம் முன்னால் போய்விட்ட எல்லிசன் பிரவுனை, நியூட்டன் மேட்டில் எட்டிப் பிடித்துவிட்டார் ஜானி கெல்லி. முந்திய ஆண்டு வென்றவர் அவர்தான். தாண்டிப் போகையில் பிரவுனின் தோளில் லேசாகத் தட்டினார். பாவம், ஆறுதலாகத்தான் தட்டியிருப்பார்!

பிரவுனுக்கோ ரோஷம் பொங்கியது. பாய்ந்தார், வென்றார். கெல்லிக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். பத்திரிகையாளர் ஜெரி நேசன் அந்த மேட்டுக்கு 'ஹார்ட்பிரேக் ஹில்' என்று பெயர் சூட்டினார். நெஞ்சை உடைக்கும் மேடு!

அதன் ஏற்றம் 27 மீட்டர்தான். இதற்கா இத்தனை பயம்? ஆனால் அது வருவது 32 கிலோமீட்டர் ஓடிய பிறகு. அதற்கு முன் நெடுந்தூரம் இறங்கி இறங்கியே தொடைகள் துவண்டிருக்கும். உடம்பில் சேர்த்து வைத்த சக்தியும் அநேகமாகத் தீர்ந்திருக்கும். அப்போது ஏறச் சொன்னால்?

கெல்லி விட்டாரா? 1945-ல் மறுபடி வென்றார். கடைசியாக 1992-ல் ஓடி முடித்தபோது வயது 84! மொத்தம் 61 முறை புறப்பட்டு, 58 முறை எல்லையைத் தொட்டார்.

நியூட்டனில் இன்று ஒரு சிலை இருக்கிறது. வாலிபக் கெல்லியும் கிழக் கெல்லியும் கைகோத்து ஓடுகிறார்கள்.