ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயில்: எதைத் தேர்ந்தெடுப்பது? எப்போது மாற்றுவது?

புதுடெல்லி: என்ஜின் ஆயில் மாற்ற வேண்டிய தேதியைத் தவறாமல் நினைவில் வைத்திருக்கும் கார் உரிமையாளர்கள் பலர், அதே காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் திரவத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. அது ‘வாழ்நாள் முழுவதும்’ தாங்கும் என்று விற்பனையின்போது சொல்லப்பட்டிருக்கும். அல்லது, ‘எந்த ஆயிலை ஊற்றினாலும் ஒன்றுதான்’ என்று தெரிந்தவர் ஒருவர் கூறியிருப்பார். இவ்விரண்டு நம்பிக்கைகளும் லட்ச ரூபாயைத் தாண்டக்கூடிய பழுதில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

பெருநகர நெரிசலில் கிளட்சை மிதித்துச் சலித்தவர்கள் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு மாறி வருகின்றனர். முதல் உரிமையாளர் விற்ற அத்தகைய கார்கள் இப்போது இரண்டாம், மூன்றாம் உரிமையாளர்களின் கைகளுக்கு வருகின்றன. உத்தரவாதக் காலம் முடிந்த இந்தக் கார்களில் கியர்பாக்ஸ் திரவம் குறித்த முடிவை உரிமையாளரே எடுக்க வேண்டியுள்ளது. அதற்குத் தேவையான அடிப்படைத் தகவல்களை இங்கே காணலாம்.

முதல் கேள்வி: எந்த வகை ஆட்டோமேட்டிக்?

‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் இந்தியச் சாலைகளில் ஓடும் கியர்பாக்ஸ்கள் முக்கியமாக நான்கு வகைப்படும். ஒன்றுக்கு உரிய திரவம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

முதலாவது, டார்க் கன்வர்ட்டர் வகை. டொயோட்டா இன்னோவா கிறிஸ்டா, ஃபார்ச்சூனர், மாருதி பிரெஸ்ஸா போன்றவற்றில் உள்ளது இதுவே. ‘ஏடிஎஃப்’ எனப்படும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் திரவம் இந்த வகைக்காகவே உருவானது.

இரண்டாவது, சிவிடி. இதில் பற்சக்கரங்களுக்குப் பதிலாக, இரு கப்பிகளுக்கு இடையே ஓடும் எஃகுப் பட்டையோ சங்கிலியோ வேகத்தை மாற்றுகிறது. ஹோண்டா சிட்டி, அமேஸ் கார்களின் ஆட்டோமேட்டிக் ரகங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. பட்டை வழுக்காமல் கப்பியைப் பற்றிக்கொள்ள இதற்கெனத் தனித் திரவம் தேவை.

மூன்றாவது, இரட்டைக் கிளட்ச் வகையான டிசிடி. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா நிறுவனங்கள் இதை டிஎஸ்ஜி என்று அழைக்கின்றன. இதிலும் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச், உலர் கிளட்ச் என இரு பிரிவுகள் உண்டு. அவற்றுக்கான எண்ணெய்களும் பராமரிப்பும் வேறுபடும்.

நான்காவது, ஏஎம்டி. 2014-ஆம் ஆண்டு மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் அறிமுகமான இந்த வகை, உண்மையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஓட்டுநருக்குப் பதிலாக ஓர் இயந்திர அமைப்பு செய்கிறது. எனவே இதற்கு ஏடிஎஃப் தேவையில்லை. உற்பத்தியாளர் கூறும் மேனுவல் கியர் ஆயிலே தேவை. கியர் மாற்றும் அமைப்பு ஹைட்ராலிக் முறையில் இயங்கினால், அதற்குத் தனித் திரவம் ஒன்றும் இருக்கும்.

காரின் பெயரை மட்டும் வைத்து வகையை முடிவு செய்ய இயலாது. நிசான் மேக்னைட்டில் டர்போ என்ஜினுடன் சிவிடியும், டர்போ இல்லாத என்ஜினுடன் ஏஎம்டியும் வருகின்றன. ஹோண்டா சிட்டியில் 2008-இல் வந்த தலைமுறைக்கு 5 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தது. 2014-இல் வந்த தலைமுறை சிவிடிக்கு மாறியது. ஆகவே மாடல், தயாரிப்பு ஆண்டு, என்ஜின் ஆகிய மூன்றையும் சொல்லித்தான் திரவத்தைக் கேட்க வேண்டும்.

இந்தத் திரவத்தின் வேலை என்ன?

என்ஜின் ஆயிலின் முதன்மைப் பணி உராய்வைக் குறைப்பது. ஆனால் ஏடிஎஃப் ஒரே நேரத்தில் நான்கு பணிகளைச் செய்கிறது. டார்க் கன்வர்ட்டருக்குள் என்ஜினின் சுழல் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது இந்தத் திரவமே. வால்வுகளின் வழியே அழுத்தத்துடன் பாய்ந்து, எந்தக் கிளட்ச் இறுக வேண்டும், எது விலக வேண்டும் என்பதைச் செயல்படுத்துவதும் இதுவே. இவற்றுடன் பற்சக்கரங்களுக்கு மசகாகவும், வெப்பத்தை வெளியேற்றும் குளிர்விப்பானாகவும் இருக்கிறது.

இதில் சிக்கலான பகுதி கிளட்ச். பற்சக்கரங்கள் வழுக்கிச் சுழல வேண்டும். அதே திரவத்தில் நனைந்திருக்கும் கிளட்ச் தகடுகளோ ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு வேகத்தில், எவ்வளவு மென்மையாகப் பற்ற வேண்டும் என்பதைத் திரவத்தில் கலக்கப்படும் உராய்வுச் சீர்மைப் பொருள்கள் தீர்மானிக்கின்றன. தவறான திரவத்தை ஊற்றினால் கார் அந்தக் கணமே நின்றுவிடுவதில்லை. கிளட்ச் சற்று அதிகமாக வழுக்கும் அல்லது அதிர்ந்து பற்றும். அந்த வழுக்கல் வெப்பமாகி, மாதக்கணக்கில் தகடுகளைத் தின்றுவிடும். பழுது தாமதமாக வெளிப்படுவதால், காரணம் எது என்பது உரிமையாளருக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது.

திரவத்தின் வேதியியல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940 மாடல் கார்களில் ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு வந்த ஏடிஎஃப்களில் உராய்வைச் சீராக்க ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய் சேர்க்கப்பட்டது. அந்தத் திமிங்கலம் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டதால், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதன் பயன்பாடு முடிவுக்கு வந்தது. அதற்கு ஈடான பொருளைக் கண்டறிய வேதியியலாளர்கள் பெரிதும் முயல வேண்டியிருந்தது.

அண்மைக்கால எடுத்துக்காட்டும் உள்ளது. ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2013-ஆம் ஆண்டு, 7 வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கொண்ட பத்து லட்சத்துக்கும் அதிகமான கார்களைப் பல நாடுகளில் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில், அடிக்கடி நின்று நின்று செல்லும்போது கியர்பாக்ஸில் மின்கோளாறு ஏற்படக்கூடும் என்று கண்டறியப்பட்டதே காரணம். அதில் இருந்த செயற்கை எண்ணெயை அகற்றிவிட்டுக் கனிம எண்ணெய் நிரப்பப்பட்டது. ‘செயற்கை எண்ணெய் என்றாலே மேலானது’ என்ற பொதுவான கருத்து எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதை இது உணர்த்துகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கடையில் ‘நல்ல ஏடிஎஃப் எது?’ என்று கேட்பது பயனற்ற கேள்வி. ‘என் காரின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள தரக்குறியீட்டுக்கு உரிய திரவம் எது?’ என்று கேட்க வேண்டும். டொயோட்டாவின் ‘டபிள்யூஎஸ்’, ஹூண்டாயின் ‘எஸ்பி-4’, ஹோண்டா சிவிடிக்கான ‘எச்சிஎஃப்-2’, நிசான் சிவிடிக்கான ‘என்எஸ்-3’, ஜெனரல் மோட்டார்ஸின் ‘டெக்ஸ்ரான்-6’ ஆகியவை இத்தகைய தரக்குறியீடுகள். இவை வெறும் வணிகப் பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட பாகுத்தன்மையும் உராய்வுப் பண்பும் உண்டு.

புதிய கியர்பாக்ஸ்கள் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக மெல்லிய திரவத்தைப் பயன்படுத்துகின்றன. வெயில் அதிகம் என்று கருதி அவற்றில் கெட்டியான திரவத்தை ஊற்றுவது, வால்வுகளின் அழுத்தக் கணக்கையே குலைத்துவிடும்.

நிறத்தையும் நம்ப இயலாது. கசிவு ஏற்பட்டால் என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே ஏடிஎஃப்பில் சிவப்புச் சாயம் கலக்கப்பட்டது. பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களிலும் திரவங்கள் உண்டு. ஒரே சிவப்பு நிறத்தில் இருக்கும் இரு திரவங்கள் முற்றிலும் வேறானவையாக இருக்கலாம்.

கார் நிறுவனத்தின் முத்திரையிட்ட திரவத்தைத்தான் வாங்க வேண்டுமா? உத்தரவாதக் காலத்தில் அதுவே பாதுகாப்பானது. அதன் பிறகு, குறிப்பிட்ட தரக்குறியீட்டுக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே தெளிவாக அச்சிட்டுள்ள, அறியப்பட்ட நிறுவனத்தின் திரவத்தைப் பரிசீலிக்கலாம். ‘எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் தவிர்ப்பதே நல்லது. போலிகளும் சந்தையில் இருப்பதால் மூடியின் முத்திரை, தயாரிப்புத் தொகுதி எண் ஆகியவற்றைச் சரிபார்த்து, ரசீதுடன் வாங்க வேண்டும்.

‘வாழ்நாள்’ என்பது யாருடைய வாழ்நாள்?

சில கார்களின் கையேட்டில் ஏடிஎஃப் மாற்றும் கால அளவே இருக்காது. இதை ‘ஒருபோதும் மாற்ற வேண்டாம்’ என்று பொருள்கொள்வது ஆபத்தானது. பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தயாரித்து வழங்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், தன் பயணிகள் கார் கியர்பாக்ஸ்களில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றுமாறு பரிந்துரைக்கிறது. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட 6 வேக டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டர் என்பது வழக்கமான அளவு.

கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்ற தலைப்பின் கீழ் தனி அட்டவணை உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அதிக வெப்பம், தூசி, மலைப்பாதை, நெரிசலில் நின்று நின்று செல்லுதல், அடிக்கடி குறுகிய தூரப் பயணம் ஆகியவை அதில் இடம்பெறும். டெல்லியிலோ பெங்களூருவிலோ தினமும் அலுவலகம் சென்று திரும்பும் பல கார்களுக்கு இதுவே அன்றாட நிலை. திரவத்தின் முதல் எதிரி வெப்பம். இயல்பான அளவைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வும் அதன் ஆயுளைச் சுமார் பாதியாகக் குறைக்கும் என்பது இத்துறையில் பயன்படுத்தப்படும் தோராயக் கணக்கு.

எப்படி மாற்றப்படுகிறது?

என்ஜின் ஆயிலைப் போல இதை ஒரே முறையில் முழுமையாக வெளியேற்ற இயலாது. அடிப்பகுதியில் உள்ள திருகைக் கழற்றினால், தட்டில் இருக்கும் திரவம் மட்டுமே வடியும். எஞ்சியது டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் 7.5 லிட்டர் கொண்ட கியர்பாக்ஸில் 3 லிட்டர் வடிந்தால், ஒரு முறையில் 40 சதவீதமே புதியதாகிறது. சிறிது தூரம் ஓட்டிய பின் மீண்டும் அதேபோல் செய்தால் 64 சதவீதமும், மூன்றாம் முறை சுமார் 78 சதவீதமும் புதுப்பிக்கப்படும். கருவி மூலம் முழுவதையும் மாற்றும் முறையும் உண்டு. அதில் அழுத்தத்தைக் கூட்டி வேதிப்பொருளால் கழுவுவதைப் பல உற்பத்தியாளர்கள் ஏற்பதில்லை.

வடிகட்டியும் அடித்தட்டின் கேஸ்கெட்டும் மாற்றக்கூடியவையாக இருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். தட்டில் உள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் தட்டுப்படும் உலோகத் துணுக்குகள் இருந்தால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அளவு மிக முக்கியம். குறைந்தால் அழுத்தம் விழும். கூடினால் திரவம் நுரைத்து, காற்றுக் குமிழ்களால் கிளட்ச் சரியாக இறுகாது. பல புதிய கார்களில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. கார் சமதளத்தில் நிற்க, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, திரவம் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் வழிவுத் துளையின் மூலம் அளவு சரிபார்க்கப்படுகிறது. வெப்பநிலையைப் படிக்க ஸ்கேனர் கருவி தேவைப்படும். இந்த வசதி இல்லாத பட்டறையில் பணியை ஒப்படைப்பது உகந்ததல்ல. வீட்டிலேயே செய்ய முனைவோர், வடிக்கும் திருகைத் தொடும் முன் நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இறுகிப்போயிருந்தால், திரவத்தை வடித்துவிட்டு மீண்டும் நிரப்ப வழியின்றி கார் நின்றுவிடும்.

மாற்றியதால் கியர்பாக்ஸ் கெடுமா?

‘ஒரு லட்சம் கிலோமீட்டர் மாற்றாமல் ஓடிய காரில் புதிய திரவம் ஊற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்’ என்ற அச்சம் பரவலாக உள்ளது. இதில் ஓரளவு உண்மை கலந்திருக்கிறது. கிளட்ச் தகடுகள் ஏற்கெனவே மிகவும் தேய்ந்திருந்தால், பழைய திரவத்தில் மிதக்கும் தேய்மானத் துகள்களே சிறிதளவு பிடிமானத்தைத் தந்துகொண்டிருக்கலாம். புதிய திரவம் அந்தத் தேய்மானத்தை உருவாக்குவதில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது.

எனவே இத்தகைய கார்களில் முதலில் சோதனை அவசியம். வேகம் கூட்டும்போது என்ஜின் சுழற்சி மட்டும் உயர்ந்து கார் இழுக்கத் தயங்குகிறதா, ‘டி’-யில் போட்டதும் தாமதித்து உதைக்கிறதா, திரவத்தில் கருகிய வாடை வீசுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அறிகுறிகள் இருந்தால் திரவ மாற்றம் மட்டும் தீர்வாகாது. இல்லையெனில், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் பகுதி பகுதியாக மாற்றுவது ஏற்கத்தக்க வழி.

ரசீது ஏன் முக்கியம்?

பயன்படுத்திய ஆட்டோமேட்டிக் காரை வாங்குவோர், சர்வீஸ் பதிவேட்டில் கியர்பாக்ஸ் திரவம் மாற்றப்பட்ட தேதி, கிலோமீட்டர், திரவத்தின் பெயர் ஆகியவை உள்ளனவா என்று கேட்க வேண்டும். ‘ஆயில் மாற்றப்பட்டது’ என்ற குறிப்பு பெரும்பாலும் என்ஜின் ஆயிலையே குறிக்கும்.

பட்டறை வழங்கும் ரசீதில் தரக்குறியீடும் அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தவறான திரவம் ஊற்றப்பட்டதால் சேதம் ஏற்பட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடாக முறையிட அதுவே ஆதாரமாகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வடித்த பழைய திரவத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. பயன்படுத்திய எண்ணெய், 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் வருகிறது. அது அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளரிடமே சென்று சேர வேண்டும்.