சட்டையின் நிறமும் ஆற்றின் உப்பும்

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தீபாவளிக்குப் பருத்தி டி-சட்டை வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். அந்த நிறம் துணியில் எப்படி ஏறியது என்று யோசித்ததுண்டா?

நீரில் நனைந்த பருத்தி இழைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. சாயத்துக்கும் அதே மின்னூட்டம். அதனால் இரண்டும் விலகும். அந்த விலக்கத்தைத் தணிக்கவே சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும்; உப்பு கழிவுநீரோடு வெளியேறிவிடும்.

தமிழ்நாட்டின் பின்னலாடை நகரமான திருப்பூரில் இந்தக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. கிணறுகள் உப்பாயின, வயல்கள் பாழாயின. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள்.

கரைந்த உப்பு சாதாரண வடிகட்டியில் சிக்காது. எதிர் சவ்வூடுபரவலாலும் ஆவியாக்கலாலும் நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்படுத்த முடியும். அதற்கு மின்சாரமும் பணமும் நிறையச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்த்து மலிவாகச் சாயமேற்றினால், பாதிப்பு ஆற்றையும் உழவரையும் சேரும்.

ஆகவே, புதிய சட்டை வாங்குமுன் அலமாரியைத் திறந்து பாருங்கள். இருப்பதை இன்னும் ஓராண்டு உடுத்தலாமே!